கதிரவெளிக் கரையும் கடலாடிய துணைவரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கரையோரமாகத் திருக்கோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வாழைச்சேனை, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை எனும் ஊர்களைக் கடந்தபின் வருவது கதிரவெளி. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடவெல்லை ஊர்களுள் அது ஒன்று. கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும், அவற்றுக்கு அப்பால் காடு. வடக்கே சிறிது தூரத்தில் மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலோடு கலக்கின்றது. ஆற்றைத் தாண்டினால் கொட்டியாரப்பற்று; அதன் முடிவில் மூதூரும் கொட்டியாரக் குடாவும்; குடாவின் மறுகரையில் கோணேசர் மலை.

இக்கரையின் காலக்கணக்கு தெற்கிலும் மேற்கிலும் உள்ள கடற்கரைகளின் கணக்குக்கு நேர்மாறானது. கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு மழையும் வந்து அலை கரையை இடிக்கும். சித்திரை பிறந்தபின் கடல் அடங்கும். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே கொழும்புக் கடல் கொந்தளித்துக் கிடக்க, இங்கே கச்சான் காற்றுத் தரையை வாட்டினாலும் கடலோ குளத்து நீர்போல் அசையாது கிடக்கும். கரைவலைக்காரர் வாடி அமைக்கும் காலமும், அடியார் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் காலமும், வெளியூரார் கடலாட வரும் காலமும் ஆகிய மூன்றும் ஒன்றாகவே அமைந்தமைக்கு இதுவே காரணம். இம்மூவரும் ஒரே மணலில் எதிர்ப்பட்ட வரலாறு சுவையானது. சில இடங்களில் துயரமானதுங்கூட.

கடற்கரையில் ஓய்வாக இருப்பது மேனாட்டார் கற்றுத்தந்த பழக்கம் என்று கருதுவோர் உளர். அது முற்றும் உண்மையன்று. புகார் நகரத்து மக்கள் இந்திரவிழா முடிந்தபின் கடலாடச் சென்றதைச் சிலப்பதிகாரம் ஒரு காதை முழுவதும் சொல்கின்றது. கோவலனும் மாதவியும் அன்று சென்றது உல்லாசப் பயணமே: ஊர்தியேறிச் சென்றார்கள்; புன்னை நிழலில் திரை கட்டி இருந்தார்கள்; யாழ் மீட்டினார்கள். அந்த ஒரு நாட்பொழுதில் எழுந்த ஐயம் இருவரையும் பிரித்தது. கடற்கரைக்குத் துணையோடு செல்வது எவ்வளவு இனிமையானதோ அவ்வளவு இடர் உடையது என்பதைத் தமிழர் முன்னரே அறிந்திருந்தனர் போலும்! ஆயினும் பிற்காலத்தில் நம் நாட்டுக் கடலாட்டு விரதத்தோடும் தீர்த்தத்தோடும் பிணைந்துவிட்டது. ஆடி அமாவாசையன்று நீராடிப் பிதிர்க்கடன் கழிப்பவன் நீந்தி விளையாடுவதில்லை. கடற்கரையில் வாழ்ந்தவனுக்கோ கடல் தொழிற்களம். உழவன் தன் வயல் வரப்பில் ஓய்வுக்காகச் சென்று படுப்பதுண்டோ?

கதிரவெளியில் மனிதர் குடியேறியது மிகத் தொன்மையான காலம். இறந்தோரைப் பெருங்கற்பலகைகளுக்கு இடையே அடக்கம் செய்த பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள் இவ்வூர்ப் பகுதியில் காணப்பட்டுள்ளன. தென்னிந்தியாவிலும் ஈழத்தின் வேறு இடங்களிலும் காணப்படும் அப்பண்பாட்டின் கிழக்குக்கரைச் சான்றுகளுள் கதிரவெளிக்குத் தனியிடம் உண்டு. வயலுக்கு மண்ணும், குடிக்க ஆற்றுநீரும், உணவுக்குக் களப்பு மீனும் ஓரிடத்தில் கிடைக்க, அவர்கள் இவ்விடத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

அவர்களுக்குப் பின் இக்கரையில் நெடுங்காலம் வாழ்ந்துவருவோருள் கரையோர வேடர் குறிப்பிடத்தக்கவர். காட்டு வேடரின் உறவினரான இவர்கள் தமிழ் பேசுபவர்; மீன்பிடித்தும் சேனைப்பயிர் செய்தும் வாழ்பவர். 1908-ஆம் ஆண்டளவில் இவர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்ட ஆங்கிலேயத் தம்பதியர் இருவர் வந்தனர். சி. ஜி. செலிக்மன் மருத்துவம் கற்று மானிடவியலில் ஈடுபட்டவர். அவர் மனைவி பிரெண்டா துணையாக வந்ததோடு நில்லாது ஆய்வின் ஒரு பகுதியைத் தாமே செய்தார். இலங்கை வேடரைப் பற்றி இருவரும் எழுதிய பெருநூல் 1911-இல் வெளிவந்தது. கரையோர வேடருக்கு அதில் தனி இயல் ஒன்று உண்டு. ஆண் ஆய்வாளர் ஒருவர் மாத்திரம் வந்திருந்தால் வேடர் குடும்பங்களின் அகவாழ்வு அந்நூலில் இத்தனை இடம் பெற்றிருக்குமா என்பது ஐயமே.

இவர்களுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னர், இதே கரையின் வடகோடியில், அமைதியாகக் கரையிறங்கிய வேறு சிலருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. ‘ஆன்’ எனும் ஆங்கிலக் கப்பல் 1659-ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. மரத்தைச் சீர்செய்து கொள்ளவும், கூடவே சிறிது வாணிகம் நடத்தவும் அது கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. குடாவில் நீர் ஆழம், காற்றுக்கு மறைவு, கரையில் மரம் உண்டு. ஊரார் முகங்கொடுத்து நடந்தனர். முதலிற் கொண்டிருந்த எச்சரிக்கை நாளடைவிற் கரைந்தது. மாலுமிகள் அச்சமின்றிக் கரையில் உலவலாயினர். செய்தி கண்டிக்கு எட்டியது. இரண்டாம் இராசசிங்கன் அனுப்பிய அதிகாரி படையோடு வந்து, நயமாகப் பேசி, கப்பல் தலைவனையும் அவன் மகனையும் மற்றையோரையும் பிடித்துக்கொண்டான். 1660-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது நிகழ்ந்தது. பிடிபட்டோர் பதினாறு பேர். தலைவன் மறு ஆண்டிலேயே காய்ச்சலால் மாண்டான். மகன் ரொபேட் நொக்ஸ் என்பவனே பின்னர் இலங்கையைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதியவன். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் அவர்கள் பிடிபட்டனர் என்பது வழக்கு. அம்மரத்தை ‘வெள்ளைக்காரன் மரம்’ என்றழைத்து 1893-இல் ஆங்கிலேயர் அங்கே கல்லொன்று நாட்டினர்.

நொக்ஸ் பத்தொன்பது ஆண்டு கண்டி நாட்டிற் கைதியாக இருந்தான். கைதி என்றால் விலங்கு பூட்டிய சிறையன்று. ஊருக்குள் வீடு கட்டலாம். தொப்பி பின்னி விற்கலாம். நெல் கடன் கொடுக்கலாம். நாட்டைவிட்டு மாத்திரம் போகலாகாது. அவன் விடுதலைக்குக் காரணமாக நின்றது அவனுடைய அறிவு பாதி, மீதி துணை. ஸ்டீபன் ரட்லண்ட் எனும் மாலுமியைத் தோழனாகக் கொண்டு, பண்டம் விற்கும் நாடோடி வணிகர் போல் வடக்கே வடக்கே சென்று வழி பழகிக்கொண்டான். இறுதியில் அநுராதபுரத்துக்கு அப்பால் மல்வத்து ஓயாவின் படுகையைப் பற்றிக் காட்டுவழியே நடந்து, 1679 அக்டோபர் 18-இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் இருவரும் சேர்ந்தனர்.

நொக்ஸின் நூல் 1681-இல் லண்டனில் அச்சாயிற்று. அதைக் கருத்தோடு படித்தவர்களுள் டானியல் டீபோ ஒருவர். அவர் தம் ‘கப்டன் சிங்கிள்டன்’ கதையில் நொக்ஸின் வரலாற்றைப் பெயர் சொல்லியே எடுத்தாண்டார். 1719-இல் வெளிவந்த ‘ரொபின்சன் குருசோ’வுக்கும் நொக்ஸின் தனிமை வாழ்க்கை ஊட்டம் தந்திருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. குருசோவின் தீவு, மணலில் ஒற்றைக் காலடிச்சுவடு, பின்னர் வாய்த்த துணைவன் வெள்ளி — இவை உலகமெங்கும் பரவி, தீவு என்றவுடன் வெண்மணலும் தென்னையும் ஒரு நற்றுணையும் நினைவுக்கு வரும்படி செய்தன. இன்று விடுமுறைக்குத் தீவுதேடிப் போகும் மேனாட்டு இளைஞன் உள்ளத்தில் இருக்கும் கனவின் ஓர் இழை கொட்டியாரக் கரையிலிருந்து சென்றது எனின் அது மிகையாகாது. ஆனால் அந்தக் கனவின் மூலவனோ தீவை விட்டுத் தப்பிப்போகவே துணை தேடினான்!

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து மருத்துவர் சிலர் கடல்நீரில் முழுகுவது உடலுக்கு நன்று எனப் பரிந்துரைக்கத் தொடங்கினர். பிரைற்றன் போன்ற மீனவர் ஊர்கள் ஓய்வுநகரங்களாயின. அப்பழக்கம் பிரித்தானிய அதிகாரிகளோடு இலங்கைக்கு வந்தது. ஊர்சுற்றும் அதிகாரி தங்குவதற்கு வாடிவீடுகள் எழுந்தன. அவற்றுட் பல கடலையோ களப்பையோ நோக்கியவை. ஆனால் கதிரவெளிப் பக்கம் எளிதில் எவரும் வரவில்லை. சாலையின் குறுக்கே ஆறும் கழிமுகமுமாக வழி பலவிடங்களில் அறுபட்டுக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் வண்டியை ஏற்றிக் கயிறு பற்றி இழுத்து அக்கரை சேர்க்கவேண்டும். மாரியில் அதுவும் நின்றுவிடும். 1928-இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தபோது கல்குடாவில் நிலையம் அமைந்தது. அதனால் கல்குடாவும் அதன் இணைக்குடாவாகிய பாசிக்குடாவும் வெளியுலகுக்கு அறிமுகமாயின. பாசிக்குடாவில் முருகைக்கற்பார் அலையை வெளியே தடுத்துவிடுவதால், நெடுந்தூரம் கடலுக்குள் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவே நிற்கும். நீந்தத் தெரியாதவனும் கடலாடலாம். வாகரையும் கதிரவெளியும் பழையபடி பாதைக்கப்பால் தனித்தே இருந்தன.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான இருவரிடம் வருவோம். ஆதர் சி. கிளார்க் எனும் ஆங்கிலேயர் விஞ்ஞானக் கதைகள் எழுதுபவர். 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ எனும் சஞ்சிகையில், பூமத்திய ரேகைக்கு மேலே தக்க உயரத்தில் மூன்று செயற்கைத் துணைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் வானொலி அஞ்சல் செய்யலாம் என்று கணக்கிட்டு எழுதியவர் அவரே. ஆகாயத்தை எண்ணிக்கொண்டிருந்த அவரைக் கடலுக்குள் இறக்கியது அவருடைய தோழர் மைக் வில்சன். வில்சன் வயதில் மிக இளையவர். கப்பலில் தொழில் செய்தவர். நீருள் படம்பிடிப்பதில் வல்லவர். கடலுக்குள் உடல் எடையற்று மிதப்பதும் விண்வெளியில் மிதப்பதும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதே கிளார்க்கை ஈர்த்த எண்ணம். பூமியைவிட்டுப் போக வழியில்லாதவனுக்குக் கடலே ஆகாயம்!

1954 டிசம்பரில் கிளார்க் அவுஸ்திரேலியாவின் முருகைக்கல் தொடரைக் காணப் போகும் வழியில் ‘ஹிமாலயா’ எனும் கப்பல் கொழும்பில் ஒருபொழுது தங்கியது. அந்த ஒருபொழுதில் அவர் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில் பணிபுரிந்த ரொட்னி ஜொங்கிளாஸ் என்பவரைச் சந்தித்தார். இலங்கைக் கடல்மீன்களைப் பற்றி அவரளவு அறிந்த சுழியோடி அக்காலத்தில் இங்கே அரிது. அவர் சொன்ன செய்திகள் கிளார்க்கின் மனத்தில் தங்கின. 1956-இல் கிளார்க்கும் வில்சனும் சில மாதம் சுழியோடி ஒரு நூல் எழுதிச் செல்லும் நோக்கத்தோடு இலங்கைக்கு வந்தனர். வில்சன் இத்தீவைவிட்டு வேரறுந்து போகவில்லை. கிளார்க் 2008-ஆம் ஆண்டு மார்ச்சில் கொழும்பில் உயிர்நீக்கும்வரை இத்தீவையே வீடாகக் கொண்டார். சில மாத விடுமுறை அரை நூற்றாண்டாக நீண்ட கதை இது.

அவர்கள் முதலில் நாடிய கடல்களுள் ஒன்று திருக்கோணமலை. கோணேசர் மலை கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்பது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய பழம்பதி அது. போர்த்துக்கேயர் குறிப்புகளின்படி மலையின் உச்சியிலும் இடையிலும் அடியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன. கொன்ஸ்தந்தீனு த சா எனும் தளபதி 1620-களின் முற்பகுதியில் அவற்றை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினான். கோட்டை வாயிலில் இணைக்கயலும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உள. கோட்டைக்கு வேண்டாத கற்கள் யாவும் மலைமேலிருந்து கடலுக்குள் உருட்டப்பட்டன. முன்னூற்று முப்பது ஆண்டுகளாக மக்கள் மலைமுனையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத கோயிலுக்காகக் கடலை நோக்கிக் கர்ப்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து வந்தனர். இறைவன் கீழே இருக்கின்றான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கதையென்றே படித்தவர் பலரும் எண்ணினர்.

வில்சனும் ஜொங்கிளாசும் கிளார்க்கும் அந்தக் கடலில் இறங்கினர். அவர்கள் அங்கே மீன் காணவே போனார்கள். கீழே கண்டதோ சதுரித்த கல்லும், மலர் செதுக்கிய தூணும், யானைமுகம் போன்ற கல்லும். முருகைப்பூச்சி படிந்து, கடற்சாமை மூடி, பாறைகளின் இடுக்கில் சாய்ந்து கிடந்த கோயிற்றூண்கள்! சுயம்புலிங்கம் எனப் போற்றப்படும் ஒரு லிங்கத்தையும் வில்சன் அக்கடலிலிருந்து மீட்டார். 1957-இல் வெளியான ‘தப்ரபேன் தீவின் முருகைப் பார்கள்’ என்னும் பொருள்பட்ட பெயருடைய நூலில் இத்தேடலைக் கிளார்க் விரித்துரைத்தார், படங்கள் வில்சனுடையவை. ஆறாண்டு முன்னர், 1950-இல், மலைக்கு அணித்தாகக் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டிருந்தன. மண்ணுக்குள் மறைத்தவை மேலே வந்தன. கடலுக்குள் தள்ளியவையும் கண்ணிற்பட்டன. மக்கள் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கோணேசர் கோயில் மீண்டும் எழுந்து 1963-இல் குடமுழுக்குக் கண்டது.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஊரார் காணாததை வெள்ளையர் கண்டனர் என்று பேசுவது பொருந்தாது. கோயில் இருந்த இடத்தை ஊரார் அறிந்தேயிருந்தனர். இல்லாதது இறங்கும் கருவி ஒன்றே. குஸ்தோவும் கஞ்ஞானும் 1943-இல் அமைத்த காற்றுக் கலம் வருமுன் அந்த ஆழத்தில் கட்டின்றி உலவிப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. நம் சுழியோடிகள் மூச்சை அடக்கி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்டே நிற்பர். மன்னார்ப் பாரில் முத்துக்குளித்தவர் காலில் கல்லைப் பிணைத்து இறங்க, மேலே கயிறு பிடிப்பவன் அவன் உயிரைக் கையில் வைத்திருப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையிற் கொடுப்பதே வழக்கம் என்பர். தமக்கையோ தங்கையோ தாலி இழக்கலாகாது என்ற அச்சம் அவன் பிடியை இறுக்கும் அல்லவா? சுறா அணுகாதபடி மந்திரிக்கக் ‘கடல்கட்டி’ என ஒருவர் கரையில் இருந்தார். அரசாங்கமே அவருக்குப் பங்கு கொடுத்த காலமும் உண்டு. புதிய கருவியோடு வந்த சுழியோடிகளும், தனியே எவரும் இறங்கலாகாது, இருவர் இருவராகவே இறங்கவேண்டும் என்பதை முதல் விதியாகக் கொண்டனர். மைத்துனன் கயிறும் அவ்விதியும் ஒன்றே.

பின்னர் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1961-இல் தென்கடலில், இராவணன் கோட்டை எனச் சிங்களவர் வழங்கும் வெளிச்சவீட்டுப் பாரில், வில்சனும் இரு சிறுவரும் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டனர். அதில் ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள் பைபையாக இறுகிக் கிடந்தன. ஹிஜிரி 1113, அதாவது 1702-ஐ ஒட்டிய காலத்து நாணயங்கள். 1962-இல் வில்சன் இயக்கிய ‘ரன்முத்து தூவ’ சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளிவந்தது. ‘பொன்னும் முத்தும் விளையும் தீவு’ என்பது பெயரின் பொருள். நீருள் எடுத்த காட்சிகளுக்குத் திருக்கோணமலைக் கடலே களம். அவ்வாண்டில் கிளார்க் கைகால் முடங்கி நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். தேறியபின்னும் பழைய வலிமை வரவில்லை. ஆயினும் நீருக்குள் இறங்கினால் குறை தெரியாது என்று சுழியோடலை விடவில்லை.

இருவர் வழியும் பிரிந்த விதம் எந்தக் கதாசிரியனும் துணிந்து எழுதாதது. 1970-களில் வில்சன் படக்கருவியையும் தொழிலையும் துறந்து, காவி உடுத்து, கதிர்காமக் கந்தனுக்கு அடியாராகிச் சுவாமி சிவ கல்கி எனப் பெயர் பூண்டார். கிளார்க்கோ மதச்சடங்கில் நம்பிக்கை அற்றவர். தம் ஈமச்சடங்கில் சமயச் சார்பான எதுவும் இருக்கலாகாது என்று எழுதிவைத்தவர். ஒரே கடலில் ஒரே நாளில் இறங்கியவர்கள் அவர்கள். ஒருவர் கண்ணுக்கு அங்கே கிடந்தது பழங்கலை. மற்றவரை அது மெல்ல மெல்ல வேறொரு கரைக்கு இழுத்துச் சென்றது. லிங்கத்தைக் கையில் எடுத்த நாளே அந்த மாற்றத்துக்கு வித்து என்று அடியார் சொல்வர். வாழ்க்கை அவ்வளவு நேர்கோட்டில் ஓடுவதில்லை. வில்சன் அதன்பின்னும் பதினைந்து ஆண்டளவு படமும் புதையலுமாகவே வாழ்ந்தார் என்பதை மறக்கலாகாது. அவர் 1995-இல் காலமானார்.

வில்சன் வழிபட்ட கந்தனை நாடிச் செல்லும் அடியாரின் நெடுவழி கதிரவெளியின் ஊடாகவே செல்கின்றது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றங்கரைச் செல்வச்சந்நிதியிலிருந்து வேல் தாங்கிப் புறப்படுவோர் முல்லைத்தீவு, திருக்கோணமலை, மூதூர் கடந்து வெருகல் சித்திரவேலாயுதர் சந்நிதியில் தங்குவர். அங்கிருந்து கதிரவெளி, வாகரை, மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை எனக் கரையோரமாகவே நடந்து, குமண யாலக் காடுகளைக் கடந்து ஆடி விழாவுக்குக் கதிர்காமம் சேர்வர். ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. இதில் தனியே செல்பவர் குறைவு. ‘சாமி’ என்று ஒருவரை ஒருவர் விளித்து, கிடைத்த சோற்றைப் பகிர்ந்து, நடக்கமாட்டாதவரின் மூட்டையை நடப்பவர் சுமந்து செல்வது மரபு. பகல் வெயிலில் புளியநிழலிற் படுத்து, மாலைக் கடலில் நீராடி, இரவில் கோயில் மண்டபத்தில் உறங்கும் அந்த வாழ்க்கையை ஓய்வு என்பதா, தவம் என்பதா? பொருள் கொடுத்து விடுதியிற் கிடப்பவனுக்கு வாய்க்காத ஓய்வு அதில் உண்டு என்பதை நடந்தவர் அறிவர். இவ்வழிக்கு மேனாட்டு அடியாரும் சேர்ந்தனர். செல்வச்சந்நிதியில் வாழ்ந்து ஜெர்மன் சுவாமி எனப் பெயர்பெற்ற கௌரிபாலா அவர்களுள் மூத்தவர். அவரை அடுத்துப் பழகிய அமெரிக்கர் பற்றிக் ஹரிகன் 1972-இல் இந்நடையில் இறங்கினார். 1983-க்குப் பின் போரினால் குலைந்த மரபை 1988-இல் மீண்டும் தொடங்கி வைத்தோருள் அவர் ஒருவர்.

கடல் தந்ததோடு நில்லாது எடுத்ததையும் இக்கரை அறியும். 1978 நவம்பர் 23-ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அதற்கு முன்னரே பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழத் தொடங்கியிருந்தன. போர் வந்தபின் அவை சுவர் மட்டுமாய் நின்று புதர் மண்டின. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வாகரையையும் கதிரவெளியையும் தாக்கிற்று. எஞ்சியவர் கூடாரத்திலிருந்து வீட்டுக்கு மாறுமுன் போர் மீண்டும் மூண்டது. மூதூர், சம்பூர் பக்கங்களிலிருந்து வெருகலாற்றைக் கடந்து ஓடிவந்த குடும்பங்கள் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் அடைக்கலம் புகுந்தன. 2006 நவம்பர் 8-ஆம் நாள் இராணுவத்தின் எறிகணைகள் அங்கு வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இருந்தோர் வாகரைக்கும், அங்கிருந்து களப்பும் காடும் கடந்து வாழைச்சேனைப் பக்கத்துக்கும் நடந்தனர். கதிர்காம அடியார் நடந்த அதே கரைவழி. கையில் வேலில்லை, பிள்ளைகள் இருந்தனர்.

2009-இல் போர் முடிந்தபின் பாதைகள் ஒவ்வொன்றாகப் பாலங்களாயின. அவ்வாண்டிலேயே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுள் வெருகலாற்றின்மேலும் பாலம் அமைந்தது. மட்டக்களப்பிலிருந்து திருக்கோணமலைக்குக் கரையோரமாகவே, மிதவை ஏறாமல், ஒரு காலைப்பொழுதில் சென்றுவிடலாம் என்ற நிலை இக்கரை வரலாற்றில் முதன்முறையாக அப்போதுதான் வந்தது. பாசிக்குடாவின் பிறைவடிவக் கரையில் பெருவிடுதிகள் வரிசையாக எழுந்தன. வேலை கிடைத்தது என்போரும் உளர்; தோணி ஏற்றிவைத்த மணலில் இன்று சாய்வுநாற்காலி கிடக்கின்றது, வலை காயவைக்க இடமில்லை என்னும் மீனவரும் உளர். இரு பேச்சும் உண்மையே. ஆனால் முன்னவர் இழப்பதற்கு ஏதும் கொண்டுவரவில்லை. பின்னவர் தலைமுறை தலைமுறையாக இருந்த துறையை விட்டு ஒதுங்கினர். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது கடினம்.

கதிரவெளியில் பெருவிடுதி வரிசை எழவில்லை. ஊரின் கரையில் இன்றும் தோணியும் வலையுமே மிகுதி. வைகாசியிற் கடல் அடங்கியதும் வாடிகளில் அடுப்பு எரியும். வெருகலிலிருந்து புறப்பட்ட கதிர்காம அடியார் விடியற்காலையில் வேலை முன்னே பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைவர். வீட்டு வாயிலில் நீர்க்குடம் வைத்து, அவர்கள் காலில் நீர் ஊற்றி, மோரும் பழமும் கொடுத்து அனுப்புவர் ஊர்ப்பெண்கள். அதே நேரம் திருக்கோணமலைக்கோ பாசிக்குடாவுக்கோ விடுமுறைக்குச் செல்லும் வண்டி ஒன்று அந்தக் கூட்டத்துக்கு வழிவிட்டுச் சாலையோரத்தில் நிற்கும். வண்டியில் இருப்போர் இறங்கி, வேலைத் தொட்டு வணங்கி, கையிலிருப்பதைக் காணிக்கையாக இட்டுச் செல்வதும் உண்டு.